எந்தக் கோயில் மொட்டை?

கோவில்பதாகை ஏரிக்கரையைத் தாண்டி ஆவடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பின்னால் மாந்தோப்புக்குள்ளிருந்து மைக் சத்தம் இன்னும் கேட்டது. ஒரு பிள்ளை பாட, மற்ற பிள்ளைகள் அதைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லாமல் கிளம்பி வந்த இடங்கள் எனக்கு நிறைய உண்டு. சூரத்தில் ஒரு சாயப்பட்டறை, கோவாவில் ஒரு மீன்படகு, ஓசூரில் ஒரு கோழிப்பண்ணை. அங்கெல்லாம் என்னை வேலை வாங்கியவர்களிடமிருந்து ஓடினேன். இந்தத் தடவை ஓடியது ஒன்பது வயதுப் பெண்பிள்ளையிடமிருந்து.

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தேன். எதிரே மடியில் கீரைக்கட்டு வைத்திருந்த அம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா நைனா, ரெண்டு காலும் ரெண்டு ஊட்டுதா?”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இடது காலில் என்னுடைய தோல் செருப்பு. வலது காலில் நீலநிற ரப்பர் செருப்பு, குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோப்பு வாசலில் கிடந்த குவியலில் அவசரமாகக் காலை நுழைத்ததன் பலன். ஆட்டோவே சிரித்தது. டிரைவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தலைவா, மொட்டை எந்தக் கோயில்? திருவேற்காடா, திருப்பதியா?”

நான் குனிந்து செருப்பையே பார்த்தேன். ரெண்டு நிமிஷத்தில் ஆட்டோ இருமி நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். பெட்ரோல் பங்கு வரை தள்ளிவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். நான் ஏறாமல் பக்கத்திலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டிரைவர் கேட்ட அதே கேள்வியில்தான் எல்லாமே ஆரம்பித்திருந்தது.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. குவைத்தில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி மெட்ராஸ் வந்தேன். அவர் “இன்னும் ரெண்டு வாரம் பொறு” என்று பூந்தமல்லியில் ஒரு அறையில் தங்க வைத்தார். பத்துப் பேர் படுக்கும் அறை. எல்லோரும் எங்கேயோ போகக் காத்திருப்பவர்கள். பாய் ஒருவருடையது, தலையணை இன்னொருவருடையது. நாலாவது நாள் தலை அரிக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் சட்டைக் காலரில் பேன் ஊர்ந்தது. சலூனில் போய் உட்கார்ந்து மொத்தமாக வழித்துவிடச் சொன்னேன். வழித்தவர் சீப்பைத் தூரமாக வைத்துவிட்டு, “கோயிலுக்குன்னு சொல்லிக்கோபா, மரியாதையா இருக்கும்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, மொட்டைத் தலையைப் பார்த்தால் முதல் கேள்வி எந்தக் கோயில் என்பதுதான். நான் திருச்செந்தூர் என்று சொல்லிவந்தேன். ஒரு டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, டீயை இன்னும் ஒரு ஆத்து ஆத்திக் கொடுத்தார். பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை.

காத்திருக்கும் நாளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பானேன் என்று சாமியானா பந்தல் போடும் கஜாவிடம் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை காலை குட்டியானை வண்டியில் கம்பும் துணியும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு அந்த மாந்தோப்புக்குப் போனோம். பந்தல் போட்டு முடித்ததும் கஜா சொன்னார்: “மச்சான், நீ இங்கியே கெட. ஏரிக் காத்து அட்ச்சா துணி தூக்கிக்கினு பூடும். கயிறு இழுத்துக் கட்ட ஒரு ஆள் வோணும். சோறு அவங்களே போடுவாங்கோ.”

“என்ன விசேஷம்ணே?”

“யாருக்குத் தெரியும்? கொயந்திங்க விசேஷமாம்.”

வேனில் வந்து இறங்கின பிள்ளைகளைப் பார்த்ததும் தெரிந்தது. எல்லோர் வாயிலும் மாஸ்க். எல்லோர் தலையிலும் தொப்பியோ, துணியோ. சில பிள்ளைகளுக்குக் கன்னம் மட்டும் உப்பியிருந்தது, கைகால் குச்சியாக இருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பிள்ளைகள். ஆஸ்பத்திரி வார்டிலேயே மாதக்கணக்காகக் கிடந்தவர்களை மூன்று நாள் வெளியே கொண்டுவந்து விளையாட விடுகிற முகாம் என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். அவர் நர்ஸ். கேட்டிலேயே சோப்போடு நின்றார். உள்ளே வரும் எவரும், பந்தல்காரன் என்றாலும், முழங்கை வரை கழுவ வேண்டும்.

எங்கள் தெருவிலும் ஒரு பையனுக்கு இந்த நோய் வந்தது. நோயின் பெயரைக்கூட யாரும் சொல்லமாட்டார்கள். அவனை வெளியே விடவில்லை, நாங்களும் உள்ளே போகவில்லை. ஜன்னலிலிருந்து நாங்கள் கோலி விளையாடுவதைப் பார்ப்பான். ஒருநாள் ஜன்னலில் அவன் இல்லை. அதோடு முடிந்தது. அதனால் இந்தப் பிள்ளைகளும் பந்தலுக்குள் நாற்காலியில் அமைதியாக உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் என் கயிறு ஒன்றை அவிழ்த்து மாமரக் கிளையில் ஊஞ்சல் கட்டிவிட்டார்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த துணிக்கடியில் நாலு பேர் புகுந்து கூடாரம் என்றார்கள். நான் இழுத்துக் கட்டக் கட்ட, அவர்கள் அவிழ்த்தார்கள்.

சாப்பாட்டை மட்டும் எழுதாமல் இருக்க முடியாது. கிருமி அண்டக்கூடாது என்று எல்லாமே ஆவி பறக்கச் சுடச்சுட வரும். தேங்காய்ச் சட்னி கிடையாது. சாம்பார் மேல் பச்சைக் கொத்தமல்லி தூவக்கூடாது. வெட்டி வைத்த பழம் கூடாது. வாழைப்பழத்தை உரித்த கையோடு தின்ன வேண்டும். இத்தனை சட்டத்துக்குள்ளும் சமையல்காரர் ஒரு வெண்பொங்கல் போட்டார், மிளகும் நெய்யுமாக. வார்டில் ரெண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுமாம் இந்தப் பிள்ளைகள். இங்கே வரிசையில் இரண்டாம் தடவை வந்து நின்றன. ஒரு அம்மா தூணுக்குப் பின்னால் நின்று, மகன் சாப்பிடுவதைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊசிச் சண்டை. ஆளுக்கொரு சிரிஞ்சு, ஊசி கழற்றியது, உள்ளே கலர் தண்ணீர். ஆறு மாதமாகத் தங்களைக் குத்தினவர்களைப் பிள்ளைகள் துரத்தித் துரத்தி அடிக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த டாக்டர் தோப்பு முழுக்க ஓடினார். “சார், ஒண்ணும் வலிக்காது சார், எறும்பு கடிக்கிற மாதிரிதான் சார்!” என்று பத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். சிஸ்டரின் புடவை பச்சையும் ஊதாவுமாக ஆனது. சிரித்துச் சிரித்து ஒரு பயலுக்கு விக்கல் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மோனிஷா. பட்டாபிராம் பெண், ஒன்பது வயது. ஓடிக் களைத்தவள் பந்தல் காலடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள். வெயிலுக்கு நான் போட்டிருந்த தொப்பியைத் தட்டிவிட்டாள். மொட்டையைப் பார்த்தாள். பார்வையே மாறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய நர்ஸ் மாதிரி என் கையைப் பிடித்தாள்.

“கைய நீட்டு. மூடு. நல்லா இறுக்கி மூடு. இன்னாது, நரம்பே கெடைக்கல? தண்ணி குடிக்கிறியா இல்லியா நீ?”

“குடிக்கேன்.”

“எத்தினி கீமோ ஆச்சு உனுக்கு?”

என் வாழ்நாளில் என் மொட்டையைப் பார்த்து எந்தக் கோயில் என்று கேட்காத முதல் ஆள் அவள்தான். கீமோ என்ற வார்த்தையை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் அது மருந்து என்று தெரியும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீக்கடைக்காரரிடம் திருச்செந்தூர் என்று வந்த மாதிரி, யோசிக்காமல் வாயில் வந்தது.

“எல்லாம் முடிஞ்சிருச்சு. சின்னப்புள்ளயில வந்தது.”

“முட்ஞ்சிச்சா? அப்ப இப்ப ஏன் மொட்டை?”

“இது வேண்டுதல்.”

“பொயச்சதுக்கா?”

“ஆமா.”

அவள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். கையிலிருந்த காய்ப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று தோப்பு அதிரக் கத்தினாள்.

“டேய்! இந்த அண்ணாவுக்கும் நம்ம நோவு வந்துதாம்டா! பெருசாயிட்டார்டா!”

சுற்றி வந்து நின்றார்கள். மோனிஷா தன் தலைத்துணியை அவிழ்த்து வீசினாள். அதுவரைக்கும் குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டாளாம். மற்றவர்களும் தொப்பிகளை வீசினார்கள். என் தலையும் அவர்கள் தலைகளுமாக ஒரு போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் சிரிக்கிறேன்.

அதன்பிறகு எனக்கு ராஜ உபசாரம். பாயசம் இரண்டு டம்ளர். ‘பந்தல்காரர்’ என்றவர்கள் ‘தம்பி’ என்றார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையை அழைத்து வந்து, அதன் தலையில் என் கையை வைக்கச் சொன்னாள். வைத்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சின்ன மண்டையின் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

ஞாயிறு மதியம் மோனிஷாவின் அம்மா தேவகி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகப்பேர் ஃப்ளாட்டுகளில் வீட்டுவேலை பார்ப்பவள்.

“தம்பி, உனுக்கு எத்தினி நாள் வைத்தியம் பார்த்தாங்கோ?”

எனக்கு என்ன தெரியும்? ஊரில் மஞ்சள்காமாலைக்கு மருந்து சாப்பிட்ட ஞாபகத்தில் சொன்னேன்: “ஆறு மாசம்.”

“அதுக்கப்பறம் மாத்திரை?”

“ஒண்ணும் சாப்பிடல.”

அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. “எங்க ஊட்டுக்காரரு இதத்தான் சொல்லிகினே கீறாரு. ஆறு மாசம் ஆச்சு, போதும், புள்ளைய ஏன் குத்திக் குத்திச் சாவடிக்கிறேன்னு. டாக்டரு இன்னும் ரெண்டு வருசம் மாத்திரைன்றாரு. நாளிக்கு முதுகுல ஊசி. அந்த ஊசிக்கு நாலு பேரு புட்ச்சிக்கணும் தம்பி இவள. நான் வெளிய நின்னு காதைப் பொத்திக்கினு இருப்பேன்.” கண்ணைத் துடைத்தாள். “உன்னப் பார்த்தப்பறம் தைரியம் வந்துச்சு. நாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவல. நேரா ஊட்டுக்குப் பூடறோம்.”

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள். மோனிஷா ஓடிவந்து கேட்டுவிட்டு, “ஊசி இல்லியா? நெஜமாவா? ஊசி இல்லியா?” என்று என் முதுகில் ஏறிக் குதித்தாள். சிஸ்டர் அந்தப் பக்கம் பாட்டுப் போட்டிக்கு மைக் சரிசெய்துகொண்டிருந்தார்.

கை கழுவப் போவதுபோல் எழுந்தேன். பையை எடுத்தேன். செருப்புக் குவியலில் காலை நுழைத்தேன். அப்படித்தான் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

டீக்கடை பெஞ்சில் டீ ஆறிப்போனது. வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். நீலச் செருப்பின் வார் அறுந்து, அதில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தது. தேவகியின் செருப்பு. முதல் நாள் அவள் குனிந்து அந்தப் பின்னைக் குத்தியதை நான் பார்த்திருந்தேன். செருப்பை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். சொன்ன பொய்யை யாரிடம் கொடுத்தனுப்புவது? குவைத்துக்கே போய்விட்டாலும் அந்தப் பிள்ளை நாளைக் காலை ஊசி போடாமல் வீட்டில்தான் இருக்கும்.

செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். தார் ரோடு சுட்டது. சுடட்டும் என்றிருந்தது.

கேட்டில் ஸ்டெல்லா சிஸ்டர்தான் நின்றார். சோப்பை நீட்டினார். கை கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. முதலில், “பேன் இப்பவும் இருக்கா?” என்று கேட்டார். என்னைக் குனியச் சொல்லி, காதுக்குப் பின்னாலும் காலரிலும் பார்த்தார்; ஒன்றும் அகப்படவில்லை. பெரிய ஆள் நான், கேட்டில் ஒரு குழந்தை மாதிரித் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“ஆறு மாசத்துல பிள்ளை நல்லா ஆன மாதிரிதான் தெரியும்” என்றார். “மாத்திரைய நிறுத்தினா திரும்பி வரும். அப்ப வர்றதக் குணமாக்குறது கஷ்டம். அந்தம்மாகிட்ட இத எத்தனை தடவை பேசியிருப்பேன் தெரியுமா? நீங்க ஒரு வேளைச் சாப்பாட்டுல முடிச்சிட்டீங்க.” குரல் உயரவே இல்லை. “நான் சொன்னா இப்ப நம்பமாட்டாங்க. நீங்கதான் சொல்லணும். வாங்க.”

தோப்பு வீட்டு அறையில் தேவகி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பை அவள் முன்னால் வைத்தேன். அவள் சிரித்தாள். “நீயா போட்டுக்கினு போனே? நான் தோப்பு பூரா தேடிகினு கீறேன்!”

“அக்கா, எனக்கு எந்த நோயும் வந்ததில்ல. பேன் தொல்லைக்கு மொட்டை போட்டேன். ஆறு மாசம்னு சொன்னது பொய். எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அடித்தால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தேன். அவள் போனை எடுத்து நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

“எங்க ஊட்டுக்காரரு. மத்தியானம் நான் சொன்னதும் அழுதாரு, சந்தோசத்துல. நீயே சொல்லு அவராண்ட.”

சொன்னேன். அந்தப் பக்கம் லாரி சத்தம் கேட்டது. “யார்ரா நீ?” என்றார். பந்தல்காரன் என்றேன். “பந்தல் போட வந்தவனுக்கு இன்னாத்துக்குடா என் பொண்ணாண்ட இந்தப் பேச்சு?” “தப்புதாண்ணே” என்றேன். பிறகு, “போனை அவளாண்ட குடு” என்றார். தேவகி வாங்கி, “ஆமாய்யா. நாளிக்கு இட்டுக்கினு போறேன். நீயும் லீவு போட்டுட்டு வா, நான் ஒண்டியா நிக்க முடியாது” என்றாள். பையிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து மேலாக வைத்தாள்.

மோனிஷா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ஊசி கீதா அப்போ?”

“இருக்கு” என்றேன்.

“உனுக்கு ஒரு ஊசிகூடப் போட்டதில்லியா?”

“காய்ச்சலுக்கு ஒண்ணு ரெண்டு.”

“பேனுக்கா மொட்டை போட்டே?” உதட்டைச் சுழித்தாள். “சீ, பேன்தலையா!” சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முகம் கோணிக்கொண்டது. சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப நெஜமா பெருசானவங்க யாருமே இல்லியா?”

நான் செய்தது என்ன என்று அந்தக் கேள்வியில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சிஸ்டர் குந்தி உட்கார்ந்து அவள் தலைத்துணியைக் கட்டிவிட்டார். “நெறையப் பேர் இருக்காங்கடி. எனக்கே தெரியும். ஒருத்தி பேங்க்ல இருக்கா, ஒருத்தன் பஸ் ஓட்டுறான்.”

“அப்ப ஏன் இங்க வர்ல?”

“வேலைக்குப் போக வேணாமா? நல்லா ஆனவங்க உன்கூட ஊசிச் சண்டை போட்டுட்டு இருப்பாங்களா? அவங்கவங்க வேலையப் பார்த்துட்டு இருப்பாங்க.”

மோனிஷா துணி முடிச்சைத் தானே இறுக்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உனுக்கு ஒண்ணும் இல்லதானே? நீ ஏன் வேலைக்குப் போவல?”

“குவைத்துக்குப் போகப் போறேன். ஏஜென்ட் கூப்பிடுவாரு.”

“அது எப்பவோ. நாளிக்கு?”

அவள் விரலை நீட்டி, வார்டில் பெரிய டாக்டர் சொல்வதுபோல் சொன்னாள்: “ஒம்போது மணிக்கு எனுக்கு முதுகுல ஊசி. நீ அப்ப வேலையில இருக்கணும். பொய் சொல்லக் கூடாது.”

“சரி” என்றேன்.

“போ.”

தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் பாட்டுப் போட்டிக்கு ஓடிவிட்டாள். கொஞ்சநேரத்தில் மைக்கில் அவள் குரல் கேட்டது. தாளம் தப்பியது, சத்தம் மட்டும் குறையவில்லை. நான் பிள்ளைகள் பக்கம் போகாமல், கேட்டருகே கஜாவின் நாற்காலிகளை அடுக்கிக் கட்டிவிட்டு, என்னுடைய இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். அன்றாட வேலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கேண்டீனில் பரிமாற ஓர் ஆள் வேண்டும் என்றார். நிழலான வேலை, சாப்பாடும் உண்டு. என்னைப் பார்த்து நின்றார். முகம் மலர்ந்தது.

“மொட்டையா? எந்தக் கோயில்பா?”

“கோயில் இல்ல சார். தலையெல்லாம் பேன். அதான் வழிச்சேன்.”

இரண்டு அடி பின்னால் போனார். வரிசையே சிரித்தது. “அண்ணாத்தே, அவனாண்டருந்து தள்ளி நில்லு” என்று ஒருவன் கத்தினான். மேஸ்திரி கேண்டீனுக்கு எனக்குப் பின்னால் நின்றவரை அனுப்பிவிட்டு, மூக்கைத் தேய்த்தபடி சொன்னார்: “பின்னாடி ஆயில் ட்ரம் கய்வுற வேலை கீது. வெயில்ல நிக்கணும். செய்வியா?”

“செய்றேன் சார்.”

சோப்புத்தூளும் தென்னந்துடைப்பமும் ஹோஸ் குழாயும் கொடுத்தார்கள். முதல் ட்ரம்மைச் சாய்த்து உள்ளே கையை விட்டேன். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். ஷெட் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. வேலையின் நடுவே அடிக்கடி அதைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு நான் வேலையில் இருந்தேன்.